ஒன்றரைச் சுற்று ஸ்பிரிங்

செல்வராசா அண்ணையின் வலது கையில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லவேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காமல், ஒன்றரை மாதம் அந்த மனிதரின் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

நான் துவக்குத் திருத்துகிறவன், அதாவது துப்பாக்கி பழுது பார்க்கிறவன். பெயர் சுகிர்தன். ஜெர்மனியில் வால்டோர்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், மெலனி என்ற ஜெர்மன்காரியின் கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் ஆட்களிடம் தொழிலைச் சொன்னால் முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். “துவக்கோ? அதுக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்” என்பார்கள். அடுத்த கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதாக இருக்கும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேட்டைக்காரர், மீதிப் பேர் சுடும் சங்கங்களில் சேர்ந்து இலக்கு அட்டைக்குச் சுடுகிறவர்கள். தமிழர் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. வால்டோர்ஃபில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பையன்கள் ஒருதடவை வழி கேட்டு உள்ளே வந்து, சுவரில் தொங்கும் துவக்குகளைப் பார்த்துவிட்டு, வழியைக் கேட்காமலே போனார்கள்.

ஆகவே செல்வராசா அண்ணை எனக்கு ஒரே ஒரு தமிழ் வாடிக்கையாளர். வயது ஐம்பத்தாறு, பஸ் ஓட்டுகிறவர். கூட வேலை செய்யும் ஒருவர் கூட்டிக்கொண்டு போய்ச் சங்கத்தில் சேர்த்துவிட, நாலு வருடத்தில் அந்தப் பைத்தியம் தலைக்கேறிவிட்டது. சங்கத்தின் பச்சை ஜாக்கெட்டைக் கோயில் திருவிழாவுக்கும் போட்டுக்கொண்டு வந்து மனைவி பாலாம்பிகை அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அனுமதிக்கு விண்ணப்பித்து, பரீட்சை எழுதி, காத்திருந்து, கடைசியில் செப்டம்பரில் ஒரு புதிய லீவர் துவக்கு வாங்கினார்.

லீவர் துவக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம் இருக்கும், அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோது வெளியே விழுந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அதே அசைவில் பின்னால் இருக்கிற சுத்தியலும் மடங்கும். சுத்தியலை மடக்குவது என்றால் அதற்குப் பின்னால் இருக்கிற ஸ்பிரிங்கை நெரிப்பது. புதிய துவக்கில் அது இறுக்கமாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு அண்ணை கவுண்டரில் நின்று முதல் தடவை லீவரைத் தள்ளினார். “கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு தம்பி” என்றார். அவர் சங்கத்து ஜெர்மன்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றார். அவர் சிரித்துக்கொண்டே, இதற்கெல்லாம் புஜத்தில் சதை வேண்டும் என்றார். அண்ணையும் கூடச் சிரித்தார். எனக்குத்தான் சுருக்கென்றது. அண்ணையின் மணிக்கட்டில் பழைய ஆபரேஷன் தழும்பு இருப்பது என் கண்ணில் பட்டது. பஸ்ஸுக்கு முன்னர் பாண் தொழிற்சாலையில் பதினாறு வருடம் பெட்டி தூக்கியதில் வந்த நரம்பு வருத்தம், எப்போதோ சுகமாகிவிட்டது. எங்கள் ஆள் ஒருவர் சங்கத்தில் சுடுகிறவர்களின் வரிசையில் நின்று லீவரோடு மல்லுக்கட்டுவதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

“இருங்கோ அண்ணை, ஒரு கோப்பி குடியுங்கோ. பத்து நிமிசத்தில வாறன்” என்று துவக்கை உள்ளே கொண்டுபோனேன்.

ஸ்பிரிங்கைக் கழற்றி ஒன்றரைச் சுற்று வெட்டினேன். முனையைத் தேய்த்துச் சரிசெய்து திரும்பப் பூட்டினேன். கடைக்குக் கீழே சுட்டுப் பார்க்கிற சுரங்கம் இருக்கிறது. அதில் இருபது தோட்டா சுட்டேன். இருபதும் வெடித்தன. லீவர் வெண்ணெய் மாதிரிப் போனது.

துவக்கில் ஒரு திருகாணியைத் தொட்டாலும் வேலைத் தாளில் எழுதவேண்டும் என்பது மெலனியின் சட்டம். ஸ்பிரிங் மாதிரி எதையும் மாற்றுவதாக இருந்தால் சொந்தக்காரரிடம் கேட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கி, பிறகுதான் கை வைக்கலாம். இதை மீறிய ஒருவனை அவள் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது எனக்குத் தெரியும். ஜெர்மன்காரர் ஒருவரின் துவக்கு என்றால் நானும் எழுதியிருப்பேன். இது எங்கட ஆளுக்கு ஒரு உதவி. உதவிக்குப் போய்ப் பேப்பர் நிரப்புவதா? மெலனியும் அன்று கடையில் இல்லை. ‘பரிசோதித்தது, சுட்டுப் பார்த்தது, சரி’ என்று மட்டும் எழுதினேன்.

அண்ணை லீவரைத் தள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“என்ன மந்திரம் போட்டனீர்?”

“சும்மா, எண்ணெய் விட்டனான்.”

அதுதான் முதல் பொய். அப்போது அது பொய் மாதிரியே தெரியவில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை அண்ணை ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தார். உள்ளே வெடிக்காத தோட்டா ஐந்து. “பத்துப் பன்னிரண்டுக்கு ஒண்டு வெடிக்குதில்லை தம்பி. க்ளிக் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான்” என்றார். வெடிக்காவிட்டால் குழலை இலக்கை விட்டு எடுக்காமல் அரை நிமிடமாவது அப்படியே நிற்கவேண்டும், சில நேரம் பிந்தி வெடிக்கும். அதுதான் சங்கத்துச் சட்டம். அந்த அரை நிமிடம் இரண்டு பக்கத்திலும் நிற்கிறவர்கள் சுடுவதை விட்டுவிட்டு அவரையே பார்ப்பார்களாம். “வகுப்புக்கு வெளியில விட்ட பிள்ளை மாதிரி நிக்கிறன்” என்று சிரித்தார்.

ஒரு தோட்டாவை எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் பிரைமர் என்று சின்ன வட்டத் தகடு இருக்கும், ஊசி அதில் குத்தினால்தான் வெடிக்கும். ஊசி குத்திய பள்ளம் ஆழமில்லாமல் இருந்தது. ஐந்திலும் அப்படித்தான். சுத்தியலுக்கு அடிக்கிற பலம் போதவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. நான் சுட்டுப் பார்த்த இருபது தோட்டாவும் மென்மையான பிரைமர் கொண்டவை. இவர் வாங்கியது கொஞ்சம் கடினமானது. தோட்டாக்களைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் பின்னறையில் மெலனி இருந்தாள். அடுத்த வருடம் என்னை, தனிக்கடை வைக்கத் தகுதி தரும் மாஸ்டர் பரீட்சைக்கு அனுப்புவதென்று அப்போதுதான் முடிவெடுத்திருந்தாள்.

“தோட்டா சரியில்லை அண்ணை. வேற கொம்பனியின்ரை வாங்கிப் பாருங்கோ” என்றேன். முழுப் பொய்யும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

வேறு கொம்பனி வாங்கினார். இப்போது பதினைந்துக்கு ஒன்று. நவம்பரில் திரும்பவும் வந்தார். “ஊசி போற வழியில தொழிற்சாலைக் கிறீஸ் நிண்டிருக்கும்” என்று கழற்றிச் சுத்தம் செய்தேன். கொஞ்சம் கிறீஸ் இருக்கத்தான் செய்தது. அதை மட்டும் வேலைத் தாளில் அழகான எழுத்தில் நாலு வரி எழுதினேன். பிழை இருந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தேடினேன். வெளியில் இருந்து பார்த்தால் என்னைப் போல் பொறுப்பான வேலைக்காரன் இல்லை என்று தோன்றியிருக்கும்.

நவம்பர் கடைசியில் மூன்றாம் தடவை அவர் வந்தபோது மெலனியே கவுண்டருக்கு வந்துவிட்டாள். பள்ளத்தைப் பார்த்தாள்.

“சுத்தியல் ஸ்பிரிங்கைப் பார்த்தாயா?” என்று என்னிடம் ஜெர்மனில் கேட்டாள்.

“பார்த்தேன். சரியாக இருக்கிறது.”

அவள் துவக்கை எடுக்கக் கை நீட்டினாள். கழற்றினால் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன், அதுவும் தமிழில்.

“அண்ணை, நீங்கள் லீவரை முழுக்க மூடுறியள் இல்லைப் போல கிடக்கு. கடைசி ஒரு மில்லிமீற்றர் விடுபட்டாலும் அடி பலமா விழாது.”

“நான் மூடுறன்தானே?”

“மூடுறன் எண்டுதான் நினைப்பியள். கை முழுப் பலத்தோட போகாட்டித் தெரியாது.”

சொல்லும்போது நான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார். பிறகு மெலனிக்கு ஜெர்மனில் சொன்னேன்: இவருக்குக் கையில் பழைய ஆபரேஷன், லீவரை அரைகுறையாக மூடுகிறார். அவள் தலையாட்டினாள். லீவர் துவக்கில் அப்படி நடப்பதுண்டு, புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை அது. அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு நன்றாகப் பொருந்தியது. நீட்டிய கையை அவள் எடுத்துக்கொண்டாள்.

அண்ணை விரல்களை மடக்கி விரித்தார். “ஓம், இருக்கலாம்” என்றார். “நீர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எனக்கு இதில என்ன தெரியும்.”

வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பாஷையில் பொய் சொல்லியிருந்தேன்.

அந்தப் பின்னேரமே புதிய ஸ்பிரிங் ஒன்று கேட்டுத் தொழிற்சாலைக்கு எழுதினேன். கடையில் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும் என்று மெலனிக்குச் சொன்னேன். வர ஆறு கிழமை, ஒன்றரை மாதம், எடுக்கும் என்றார்கள். ஆறு கிழமை பொறுத்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், துவக்கு சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது, யாருக்கும் நட்டமில்லை. அப்படித்தான் கணக்குப் போட்டேன். இதற்கிடையில் மாவட்டப் போட்டிக்கான சங்கத்து அணியில் இருந்து அண்ணை தானாகவே விலகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அணியில் இடம் கிடைத்ததற்கு எல்லோருக்கும் சாப்பிட ரோல்ஸ் வாங்கிக் கொடுத்த மனிதர். நான் கூப்பிட்டு ஆறுதல் சொல்லக்கூட இல்லை.

ஜனவரி முதல் கிழமை ஸ்பிரிங் வந்தது. “இலவசமா ஒருக்கால் பாத்துத் தாறன், கொண்டு வாங்கோ” என்று அண்ணைக்குப் போன் செய்தேன். மெலனி வெளியே போகும் நாளாகப் பார்த்துத்தான் வரச் சொன்னேன். அவர் வெளியே இருக்க, உள்ளே ஸ்பிரிங்கை மாற்றினேன். கடினமான பிரைமர் உள்ள தோட்டாவாக எடுத்து ஐம்பது சுட்டேன். ஐம்பதும் வெடித்தன. எனக்கு மூச்சு வந்தது. படியேறி வந்து வெற்றிக்கொடி நாட்டியவன் மாதிரிச் சொன்னேன்.

“அண்ணை, ஐம்பதுக்கு ஐம்பது!”

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். துவக்கை வாங்கி லீவரை ஒருதடவை தள்ளினார். நின்றுவிட்டார். இன்னொரு தடவை தள்ளினார்.

“முந்தி இளக்கமா இருந்தது” என்றார். “இப்ப இறுக்கமாக் கிடக்கு.”

நான் ஒரு துணியை எடுத்துக் கவுண்டரைத் துடைத்தேன்.

“உம்மட கையில ஐம்பதில ஒண்டும் பிழைக்கேல்லை. எனக்கெண்டா இதைத் தள்ளவே இறுக்கமாக் கிடக்கு. கைதான் தம்பி. கை விட்டுக்கொண்டு வருது.” துவக்கை மெதுவாகக் கவுண்டரில் வைத்தார். “ஆருக்கும் வித்துத் தாரும். அவசரமில்லை.”

நான் திருத்திய துவக்கே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. புதிய ஸ்பிரிங் சரியாக அடிக்கிறது, ஆகவே கைதான் பிழை. புதிய ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கிறது, ஆகவே கை மெலிந்துவிட்டது. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அவர் கைதான் குற்றவாளி. அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். “ஓம் அண்ணை, பாப்பம்” என்று சொல்லித் துவக்கைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாலாம்பிகை அக்கா போன் எடுத்தார்.

“தம்பி, இந்த மனிசனுக்கு ஒருக்கால் புத்தி சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பார். நேற்றுப் போய்க் கொம்பனியில எழுதிக் குடுத்திட்டு வந்திட்டார், கையில பலமில்லை, பஸ் ஓட்டப் பயமாக் கிடக்கு எண்டு. காலமையில பள்ளிக்கூடப் பிள்ளையள் நாப்பது பேர் ஏறுறவையாம். எனக்குத் தெரியாமலே கை விட்டா என்ன செய்யிறது எண்டு கேக்கிறார். உடன பஸ்ஸால இறக்கிப்போட்டினம். வியாழக்கிழமை கொம்பனி டொக்டரைப் போய்ப் பாக்க டெர்மின் குடுத்திருக்கினம். டொக்டர் ஏலாது எண்டு எழுதினா அவ்வளவுதான், ஐம்பத்தாறு வயசில ஆர் வேலை குடுப்பினம்?”

“அக்கா, அவர் கையில ஒண்டுமில்லை” என்றேன்.

“நீங்கள்தானே சொன்னனீங்கள் இருக்கெண்டு?”

போனை வைத்துவிட்டு நேராக மெலனியிடம் போனேன். யோசித்தால் போகமாட்டேன் என்று தெரியும். வெட்டிய ஸ்பிரிங்கை அவள் மேசையில் வைத்து, செப்டம்பரில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டரிடம் வாயால் சொன்னால் எடுபடாது. கையில் பலமில்லை என்று அண்ணை எழுத்தில் கொடுத்திருக்கிறார், அதை எழுத்தால்தான் மறுக்கலாம். கடையின் முத்திரையோடு கடிதம் வேண்டும் என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. ஸ்பிரிங்கை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் எத்தனை துவக்கில் இப்படிச் செய்திருக்கிறாய்?”

“ஒன்றிலும் இல்லை.”

“அதை நான் எப்படி நம்புவது?”

மூன்று வருடத்து என் வேலைத் தாள்கள் அத்தனையையும் எடுத்து, ஒவ்வொரு வாடிக்கையாளரையும் கூப்பிட்டுத் துவக்கைத் திரும்பப் பார்க்கப்போவதாகச் சொன்னாள். அதுவரை நான் பட்டறைக்குள் கால் வைக்கக்கூடாது, கவுண்டரில் எண்ணெயும் கையுறையும் விற்கலாம். மாஸ்டர் பரீட்சையைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கடிதத்தை நான் எழுதினேன். இரண்டு இடத்தில் நான் பூசி மெழுகியிருந்ததை அவள் வெட்டிவிட்டு, ‘நான் பொய் சொன்னேன்’ என்று எழுதச் சொன்னாள். பிறகு முத்திரை குத்தினாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு அண்ணை வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தார். “வாங்கோ தம்பி, நல்ல நேரம் வந்தீங்கள்” என்றார், நான் புத்தி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து. அண்ணை சோபாவில் இருந்தார். கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார் என்று நினைக்கிறேன்.

“எத்தினை சுத்து வெட்டினனீர்?”

“ஒண்டரை.”

“நான் கேட்டனானே?”

“இல்லை அண்ணை. இறுக்கமாக் கிடக்கு எண்டு சொன்னியள்...”

“புதுச் சப்பாத்தும் இறுக்கம்தான் தம்பி. அதுக்காக ஆரும் காலைக் குறை சொல்லுறவையே?” குரல் உயரவில்லை. “ஸ்பிரிங்கை வெட்டேக்கையே என்ர கை ஏலாத கை எண்டு நீர் முடிவெடுத்திட்டீர். பக்கத்தில நிண்டு சிரிச்ச வெள்ளைக்காரன் கூட அப்பிடி நினைச்சிருக்கமாட்டான்.”

நான் அதைப் பொய் சொன்ன நாளில் இருந்து தொடங்கிய பிழையாகத்தான் நினைத்திருந்தேன். அவர் அதற்கும் முன்னால் போய்ப் பிடித்துவிட்டார். உதவி என்று நான் பெருமைப்பட்ட இடத்திலேயே பிழை இருந்தது.

“பிழை செய்துபோட்டன் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அக்காதான் சமையலறை வாசலில் நின்று வெடித்தார். “ஒண்டரை மாதம் தம்பி! பாணுக்குப் பட்டர் பூசிறது இடக்கையால. கதவு திறக்கிறது இடக்கையால. பேரப்பிள்ளையைத் தூக்கக் கேட்டா, வேண்டாம், போட்டுடுவன் எண்டு சொல்லுது. நல்லா இருந்த கையைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சுது இந்த மனிசன். உங்களுக்கு என்ன குறை செய்தவர் இவர்?”

“ஒண்டும் செய்யேல்லை அக்கா.”

“பிறகேன்?”

என்னிடம் இருந்த ஒரே பதில், என் வேலையைக் காப்பாற்ற என்பதுதான். அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணை கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “நாளைக்கு டொக்டரிட்டைக் குடுக்கிறன். அவர் சோதிச்சுப் பாத்து எழுதுவார். வேலை போகாது எண்டு நினைக்கிறன்.” எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரி இருந்தது அவர் சொன்னது. அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தவனைச் சும்மா அனுப்பக்கூடாது என்று அக்கா இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணை இடக்கையால் கோப்பையைத் தூக்கினார்.

“இனியாவது அந்தக் கையால எடுங்கோவன்” என்றார் அக்கா.

அண்ணை கோப்பையைத் திரும்ப வைத்தார். வலது கையைப் பொக்கற்றில் இருந்து எடுத்து ஒருதடவை மடக்கி விரித்தார். பிறகு அந்தக் கையால் கோப்பையைத் தூக்கினார். அது கொஞ்சமும் ஆடவில்லை, ஒரு துளியும் சிந்தவில்லை. ஆனாலும் பாதி வழியில் இடக்கை தானாக வந்து அடியில் ஏந்திக்கொண்டது.